வளர்ந்த பிள்ளை, மார்க்கெட்பிளேஸ் இன்சூரன்ஸ், 1095-ஏ: யார் டாக்ஸ் கணக்கில் எது போகும்?

அமெரிக்காவில் மார்க்கெட்பிளேஸ் (அரசாங்கம் நடத்தும் இன்சூரன்ஸ் சந்தைத் தளம்) வழியாக ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்த குடும்பத்துக்கு ஜனவரி, பிப்ரவரி வாக்கில் 1095-ஏ என்று ஒரு படிவம் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கும்வரை அதில் பெரிய குழப்பம் கிடையாது, டாக்ஸ் மென்பொருள் கேட்கிற கட்டங்களில் எண்களைப் போட்டால் வேலை முடிந்தது. பிள்ளைக்கு 19, 20, 22 என்று ஆனதும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பையன் வேறு மாநிலத்தில் படிக்கிறான், கோடையில் சம்பாதிக்கிறான், தனியாக டாக்ஸ் ஃபைல் செய்கிறான், ஆனால் இன்சூரன்ஸ் மட்டும் நம்மோடு. இல்லாவிட்டால், பெண் தானாகவே ஒரு பிளான் எடுத்திருக்கிறாள், படிவம் அவள் பெயருக்கு, அவள் தங்கியிருக்கும் முகவரிக்குப் போய்விட்டது. இப்போது அது அவள் கணக்கா, நம் கணக்கா?

பதில் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: அந்த வருடத்துக்கு அந்தப் பிள்ளை டாக்ஸில் யாருடைய டிபெண்டன்ட், அதாவது யார் தன் ரிட்டர்னில் அவனை அல்லது அவளைத் தன் பராமரிப்பில் இருப்பவராகக் காட்ட முடியும்? படிவத்தில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது, பிரீமியம் யார் கார்டிலிருந்து போனது, கவர் எந்த வீட்டுக்கு வந்தது என்பதெல்லாம் இதைத் தீர்மானிப்பதில்லை. அதே போல, 26 வயது வரை பிள்ளையை நம் பிளானில் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்சூரன்ஸ் விதி மட்டும்தான். கல்யாணமாகி, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடியிருந்தாலும் அது பொருந்தும். டாக்ஸ் விதி அவ்வளவு தாராளம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் நான் பார்த்தவரை பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் வேலை: டிபெண்டன்டா, இல்லையா

படிவத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே இதை முடிவு செய்துவிடுங்கள். வழி இரண்டு இருக்கிறது.

முதல் வழியில், வருடக் கடைசியில் பிள்ளை 19 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முழுநேர மாணவராக இருந்தால் 24க்குக் கீழே. முழுநேரம் என்றால் வருடம் முழுக்கப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஐந்து மாதங்களில், ஒவ்வொரு மாதத்திலும் ஏதாவது ஒரு பகுதி முழுநேர மாணவராக இருந்தால் போதும், எனவே மே மாதம் பட்டம் வாங்கிய பிள்ளை அந்த வருடத்துக்கு மாணவர் கணக்கில் வந்துவிடும். அதோடு, பாதி வருடத்துக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும் (ஹாஸ்டலில் இருந்த காலம் வீட்டில் இருந்ததாகவே கணக்கு), தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, கல்யாணமாகி கணவன் அல்லது மனைவியோடு சேர்ந்து ரிட்டர்ன் ஃபைல் செய்திருக்கக் கூடாது. இந்த வழியில் பிள்ளையின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பையன் 30,000 டாலர் சம்பாதித்து அதில் பெரும்பகுதியை வங்கியில் போட்டு வைத்திருந்தால், அந்தச் சேமிப்பு தன்னைத் தானே பராமரித்ததாக ஆகாது. செலவழித்ததுதான் கணக்கு.

இரண்டாவது வழி வயது தாண்டிய பிள்ளைகளுக்கு. பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருக்கும் 25 வயதுப் பிள்ளை போன்றவர்கள். இங்கே வருமான வரம்பு கண்டிப்பானது: 2025ஆம் வருடத்துக்கு மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வழக்கமான குழப்பத்தைச் சொல்கிறேன். டாலஸில் வீடு, பையனுக்கு 22 வயது, ஆஸ்டினில் படித்து மே மாதம் முடித்தான், ஜூன் முதல் வாரம் சியாட்டிலில் வேலைக்குப் போய்த் தனி வீடு எடுத்துவிட்டான். மாணவர் விதி பொருந்துகிறது, வயதும் பொருந்துகிறது. ஆனால் வீட்டில் இருந்த காலம் ஐந்து மாதம் சொச்சம்தான், பாதி வருடம் தேறவில்லை. அதனால் முதல் வழி அடைபட்டது. சம்பளம் 5,200ஐத் தாண்டியதால் இரண்டாவது வழியும் அடைபட்டது. ஆக, அந்த வருடத்துக்கு அவன் உங்கள் டிபெண்டன்ட் இல்லை, ஜனவரி முதல் மே வரை உங்கள் பிளானில் இருந்திருந்தாலும்கூட. இதே பையன் டாலஸிலேயே வேலை கிடைத்து உங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் அநேகமாக டிபெண்டன்ட்தான்.

விசாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொன்று. டிபெண்டன்ட் ஆக வேண்டுமென்றால் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ, டாக்ஸ் விதிப்படி இங்கே ரெசிடென்ட்டாகவோ இருக்க வேண்டும் (கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்களுக்குத் தனி விலக்கு உண்டு). ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தருவது) வளர்ந்த பிள்ளை 21 வயது ஆனதும் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறும் வீடுகள் நிறைய. எஃப்-1 மாணவர்கள் இங்கே இருக்கும் நாட்கள் முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்குப் பொதுவாக ரெசிடென்ட் கணக்கில் சேராது. அதனால் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் டிபெண்டன்ட் இல்லாமல் போகலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் மென்பொருளை நம்பாமல், வெளிநாட்டவர் டாக்ஸ் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், "டிபெண்டன்டாகக் காட்டாமல் விட்டுவிட்டால் பையன் வருமானம் மட்டும்தானே, அவனுக்கு சப்சிடி நிறைய வருமே" என்று யோசிப்பவர்கள் உண்டு. அது நடக்காது. உங்களால் அவனை டிபெண்டன்டாகக் காட்ட முடியும் என்றாலே போதும், நீங்கள் காட்டினாலும் காட்டாவிட்டாலும் அவன் தன் ரிட்டர்னில் பிரீமியம் டாக்ஸ் கிரெடிட் (பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும் சலுகை, அதை மாதாமாதம் முன்கூட்டியே தருவதைத்தான் சப்சிடி என்கிறோம்) கேட்க முடியாது.

படிவத்தை வாங்குவதும் படிப்பதும்

ஹெல்த்கேர்.கவ் கணக்கில் உள்ளே போய், போன வருடத்து விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுத்து, 'டாக்ஸ் ஃபார்ம்ஸ்' என்ற இடத்தைத் திறந்தால் 1095-ஏ இருக்கும். தபாலில் வருவதற்கு முன்பே பெரும்பாலும் அங்கே வந்துவிடும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களுக்குச் சொந்த மார்க்கெட்பிளேஸ் இருக்கிறது, அங்கே எடுத்திருந்தால் அந்தத் தளத்தில் பாருங்கள். பிள்ளை தனிக் கணக்கில் எடுத்திருந்தால் அதை பிள்ளைதான் திறக்க வேண்டும். 18 வயது தாண்டிய பிள்ளையின் விவரத்தை, பிள்ளையின் அனுமதி இல்லாமல் அப்பா அம்மா போன் செய்து கேட்டால் சொல்ல மாட்டார்கள், எவ்வளவு கெஞ்சினாலும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுவதுதான் சுலபம்.

1095-பி, 1095-சி என்று வேறு இரண்டு படிவங்களும் வரலாம். முதலாவது இன்சூரன்ஸ் கம்பெனியோ மெடிக்கெய்டோ (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) அனுப்புவது, இரண்டாவது பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தருவது. ஃபெடரல் ரிட்டர்னில் அவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை, ஃபைலில் போட்டு வையுங்கள். 1095-ஏ மட்டும்தான் கணக்கையே மாற்றக்கூடியது, அது வராமல் ரிட்டர்ன் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

படிவத்தின் மூன்று பகுதிகளில் முதலாவதில் பிளான் எடுத்தவர் விவரம், இரண்டாவதில் யார் யாருக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கவரேஜ், மூன்றாவதில் மாதவாரியாக மூன்று எண்கள். ஏ பத்தியில் மாத பிரீமியம் முழுசாக இருக்கும். நீங்கள் கையிலிருந்து கட்டியது இல்லை, சப்சிடி கழிப்பதற்கு முந்தைய தொகை. "நான் மாதம் 400தானே கட்டினேன், இதில் 1,300 என்று இருக்கிறதே" என்று பதறுபவர்கள் இதைத்தான் பார்த்துப் பதறுகிறார்கள். சி பத்தியில் அரசாங்கம் உங்கள் சார்பில் முன்கூட்டியே இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டிய சப்சிடி. பி பத்திதான் கொஞ்சம் விநோதமானது: நீங்கள் இருக்கும் பகுதியில், கிரெடிட்டுக்குத் தகுதியான உங்கள் குடும்பத்தினருக்கு, இரண்டாவது மலிவான சில்வர் (நடுத்தர வகை) பிளான் என்ன விலை என்பது. நீங்கள் அந்தப் பிளானை எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு எவ்வளவு கிரெடிட் என்பதை அளக்க அதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். ஒன்று, இரண்டாவது பகுதியில் பிள்ளையின் கவரேஜ் முடிந்த தேதி. ஜூனில் நீக்கச் சொன்ன பையன் டிசம்பர் வரை இருப்பதாகப் போட்டிருந்தால் பிரீமியமும் சப்சிடியும் இரண்டுமே தப்பு. மார்க்கெட்பிளேஸைக் கூப்பிட்டுத் திருத்திய படிவம் கேட்க வேண்டும். இரண்டு, பி பத்தி. குடும்பத்தில் யார் எப்போது போனார், வந்தார் என்பதை நீங்கள் உடனே தெரிவிக்காமல் விட்டிருந்தால் அந்த எண் பழைய குடும்பத்துக்கானதாக இருக்கும், சில சமயம் பூஜ்யமாகவோ காலியாகவோகூட இருக்கும். அதற்கு ஹெல்த்கேர்.கவ் தளத்தில் ஒரு டாக்ஸ் கருவி வைத்திருக்கிறார்கள், பின்கோடும் வயதும் கொடுத்தால் சரியான எண்ணை மாதவாரியாகத் தரும். சொந்தத் தளம் உள்ள மாநிலத்தில் எடுத்திருந்தால் அங்கே கேளுங்கள்.

ஒரே பிளான், பிள்ளை உங்கள் டிபெண்டன்ட்

இது எளிய வழக்கு. 1095-ஏ முழுக்க உங்கள் ரிட்டர்னில் போகும், 8962 என்ற படிவத்தை நிரப்பி 1040 என்ற முக்கிய டாக்ஸ் படிவத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். முன்கூட்டி வாங்கிய சப்சிடிக்கும் உண்மையில் சேர வேண்டிய கிரெடிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேர் செய்வதுதான் 8962இன் வேலை. குறைவாக வாங்கியிருந்தால் பணம் திரும்ப வரும், கூடுதலாக வாங்கியிருந்தால் நீங்கள் கட்ட வேண்டும்.

எளிது என்றேன், ஒரு பொறி இருக்கிறது. குடும்ப வருமானம் என்பதில் டிபெண்டன்ட் பிள்ளையின் வருமானம் சில சமயம் சேரும், சில சமயம் சேராது. வருமானத்தின் அளவால் அந்தப் பிள்ளை டாக்ஸ் ரிட்டர்ன் கொடுத்தே தீர வேண்டிய நிலையில் இருந்தால் சேரும். 2025க்கு, கல்யாணமாகாத டிபெண்டன்ட் பிள்ளைக்குச் சம்பளமாக 15,750 டாலருக்கு மேல் வந்திருந்தால் அந்த நிலை. வட்டி, டிவிடெண்ட் போன்றவை என்றால் வெறும் 1,350 டாலருக்கு மேல் போனாலே அந்த நிலைதான், எனவே பிள்ளை பெயரில் ஷேர் வாங்கி வைத்திருப்பவர்கள் கவனம். பெண் கோடையில் கடையில் வேலை பார்த்து 6,000 டாலர் சம்பாதித்து, பிடித்த டாக்ஸைத் திரும்ப வாங்குவதற்காக மட்டும் ரிட்டர்ன் போட்டிருந்தால் அந்த 6,000 உங்கள் கணக்கில் சேராது. மென்பொருள் சில சமயம் "டிபெண்டன்ட் வருமானம் எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்கும், அங்கே 6,000 என்று போட்டுவிட்டால் சும்மாவே நஷ்டம்.

பெரிய சம்பளம் என்றால் எவ்வளவு அடி விழும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாலஸ் குடும்பம், அப்பா அம்மா சொந்தத் தொழில், 70,000 டாலர், பையனோடு சேர்த்து மூன்று பேர். 2025 கணக்குக்கு மூன்று பேர் குடும்பத்தின் வறுமைக் கோடு 25,820 டாலர், அதனால் வருமானம் அதில் 271 சதவீதம். இந்த நிலையில் வருடத்துக்குச் சுமார் 3,400 டாலர் குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டும், சில்வர் அளவுகோலில் மிச்சமிருப்பது கிரெடிட். இப்போது பையன் மே மாதம் படிப்பு முடித்து, வீட்டிலிருந்தபடியே, இன்சூரன்ஸ் தராத ஒரு கான்ட்ராக்ட் வேலையில் 30,000 சம்பாதித்தான் என்று வையுங்கள். அவன் டிபெண்டன்ட்தான், ஆனால் குடும்ப வருமானம் 1,00,000 ஆகிவிட்டது, 387 சதவீதம். கையிலிருந்து போட வேண்டியது 8,200 டாலர் பக்கம் போய்விடும். வித்தியாசம் 4,800. சப்சிடி எல்லாம் 70,000 என்று சொல்லி வாங்கியது என்பதால் அந்த 4,800ஐத் திருப்பித் தர வேண்டும்.

2025 வரை ஒரு தயவு இருந்தது. வறுமைக் கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் திருப்பித் தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, இந்தக் குடும்பத்துக்கு அது 3,250 டாலர். 2026ஆம் வருடக் கணக்கிலிருந்து அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், கூடுதலாக வாங்கியது எவ்வளவோ அவ்வளவும் திரும்பத் தர வேண்டும். அது போதாதென்று, 2021 முதல் 2025 வரை இருந்த கூடுதல் சப்சிடிச் சட்டம் 2025 கடைசியோடு முடிந்ததால், 400 சதவீதத்தைத் தாண்டினால் கிரெடிட்டே கிடையாது என்ற பழைய விதி திரும்பியிருக்கிறது. மூன்று பேர் குடும்பத்துக்கு 2026இல் அந்தக் கோடு 1,06,600 டாலர், நான்கு பேருக்கு 1,28,600. பிள்ளையின் முதல் வேலை உங்களை அந்தக் கோட்டுக்கு மேல் தள்ளினால் வருடம் முழுக்க வாங்கிய சப்சிடி மொத்தமும் திரும்பப் போகும். ஆகவே பிள்ளைக்கு வேலை கிடைத்த அன்றே, ஸ்வீட் வாங்கிய கையோடு, மார்க்கெட்பிளேஸ் கணக்கில் வருமானத்தைத் திருத்திவிடுங்கள். மாத சப்சிடி அப்போதே குறையும், ஏப்ரலில் மொத்தமாக அடி விழாது.

ஒரே பிளான், பிள்ளை உங்கள் டிபெண்டன்ட் இல்லை

சியாட்டில் போன பையனின் கதை. 1095-ஏ உங்கள் பெயரில் வந்திருக்கும், அதில் அவன் பெயரும் இருக்கும், ஆனால் டாக்ஸில் அவன் தனிக்குடும்பம். ஒரே பாலிசியை இரண்டு டாக்ஸ் குடும்பங்கள் பங்கு போட வேண்டும். (விண்ணப்பிக்கும்போதே "இவன் தனியாக ஃபைல் செய்வான்" என்று சொல்லியிருந்தால் மார்க்கெட்பிளேஸ் ஆளுக்கொரு படிவம் கொடுத்திருக்கும், அப்போது இந்த வேலை இருக்காது.)

பங்கு போடுவது 8962இன் நான்காவது பகுதியில். படிவத்தின் நகலைப் பையனுக்கு அனுப்புங்கள், அவனுக்கும் அது வேண்டும். எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதை நீங்களும் அவனும் பேசி முடிவு செய்துகொள்ளலாம், பூஜ்யம் முதல் நூறு வரை எதுவானாலும் சரி. பிரீமியம், சில்வர் அளவுகோல், சப்சிடி மூன்றுக்கும் அந்த மாதத்தில் ஒரே விகிதம்தான் போட வேண்டும், சப்சிடியை மட்டும் அவன் தலையில் கட்ட முடியாது. ஒத்து வரவில்லை என்றால் தலை எண்ணிப் பிரிக்க வேண்டும்: பிளானில் மூன்று பேர், அவன் ஒருவன், எனவே அவனுக்கு மூன்றில் ஒன்று.

மாதப் பிரீமியம் 1,800, அளவுகோல் 1,950, சப்சிடி 1,200 என்று வைத்துக்கொண்டால், ஜனவரி முதல் மே வரை ஒவ்வொரு மாதமும் பையன் பங்கு 600, 650, 400. மிச்சம் உங்களுக்கு. நிரப்பும்போது பாலிசி எண், எதிராளியின் சோஷியல் செக்யூரிட்டி எண், ஆரம்ப மாதம் 01, முடிவு மாதம் 05, பிறகு மூன்று சதவீதங்கள். பாலிசி எண் 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் கடைசி 15 மட்டும் போட வேண்டும். சதவீதத்தை 0.33, 0.67 என்று தசமத்தில் எழுத வேண்டும், உங்கள் ரிட்டர்னில் உள்ளதும் அவன் ரிட்டர்னில் உள்ளதும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். இப்படிப் பங்கு போட்டால் வருடக் கணக்கை ஒரே வரியில் போடுகிற குறுக்குவழி கிடையாது, மாதவாரியாகத்தான் நிரப்ப வேண்டும். மென்பொருளில் "இந்தப் பாலிசியை உங்கள் ரிட்டர்னில் இல்லாத ஒருவரோடு பகிர்ந்தீர்களா" என்ற மாதிரி ஒரு கேள்வி வரும், அதற்கு ஆம் என்று சொன்னால்தான் இந்தப் பக்கமே திறக்கும்.

எந்த விகிதம் லாபம்? இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள், அதில் தப்பே இல்லை, சட்டமே அனுமதிக்கிறது. பொதுவாகச் சொன்னால், வருமானம் வறுமைக் கோட்டோடு ஒப்பிடும்போது யாருக்குக் குறைவோ அவர் பக்கம் அதிகம் போனால் நல்லது. ஆனால் நீங்கள் ஒரு விகிதத்தில் அனுப்பிவிட்ட பிறகு, பையன் பிப்ரவரியிலேயே பங்கு எதுவும் போடாமல் ஃபைல் செய்திருந்தது தெரிந்தால் வீணாக இரண்டு பேரும் திருத்த வேண்டியிருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவம்) கைக்கு வந்த அன்று ராத்திரியே போனில் ஃபைல் செய்து முடித்துவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லி நிறுத்தி வையுங்கள்.

பிள்ளை பெயரில் தனிப் பிளான், ஆனால் உங்கள் டிபெண்டன்ட்

மூன்றில் இதுதான் அதிகமாகத் தப்பாகப் போவது. பெண் ஒஹாயோவில் படிக்கிறாள். டெக்சஸ் பிளான்கள் பலவும் அங்கே டாக்டரைப் பார்க்கச் செல்லாது, எனவே அவளே ஒஹாயோவில் ஒரு பிளான் எடுத்தாள். விண்ணப்பத்தில் "உங்களை யாராவது டிபெண்டன்டாகக் காட்டுவார்களா" என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிட்டாள், அவளோ ஏஜென்ட்டோ. பகுதிநேர வேலையில் வருகிற சின்ன வருமானத்தை வைத்து ஏறக்குறைய பிரீமியம் முழுவதும் சப்சிடியாக வந்துவிட்டது. பிளான் இலவசம் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏப்ரலில் நீங்கள் அவளை டிபெண்டன்டாகக் காட்டினால், அந்த 1095-ஏ உங்கள் 8962இல் வர வேண்டும், அவள் பெயரில் இருந்தாலும். உங்கள் முழு வருமானத்தை வைத்துக் கிரெடிட் திரும்பக் கணக்கிடப்படும். உங்களுக்கும் ஒரு மார்க்கெட்பிளேஸ் பிளான் இருந்தால் இரண்டு படிவங்களின் ஏ பத்தியையும் சி பத்தியையும் மாதவாரியாகக் கூட்டுங்கள். பி பத்தியைக் கூட்டுவது இரண்டு பிளானும் வெவ்வேறு மாநிலத்தில் இருந்தால் மட்டும்தான். ஒரே மாநிலம் என்றால் கூட்டக் கூடாது, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்தான், அதைக் கருவியில் போட்டு எடுங்கள்.

உங்களுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதில் பெண்ணைச் சேர்க்க வழி இருந்து, குடும்பத்துக்கான பிரீமியம் குடும்ப வருமானத்தில் 9.02 சதவீதத்துக்குள் இருந்தால் (இது 2025இன் வரம்பு), அவளுக்குக் கிரெடிட் தகுதியே பொதுவாகக் கிடையாது, சேர்த்தீர்களா இல்லையா என்பது பொருட்டில்லை. வாங்கிய சப்சிடியைத் திருப்பித் தர வேண்டியதுதான். கல்லூரி தரும் ஸ்டூடன்ட் இன்சூரன்ஸ் அப்படி இல்லை, அதில் சேர்ந்தால்தான் தகுதி போகும், சேர வாய்ப்பு இருந்ததால் மட்டும் போகாது.

அவள் ரிட்டர்ன்? "வேறொருவர் என்னை டிபெண்டன்டாகக் காட்ட முடியும்" என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும், 8962 சேர்க்கக் கூடாது. ஆனால் ஐஆர்எஸ் (ஃபெடரல் டாக்ஸ் துறை) கணினிக்கு அவள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் சப்சிடி போனது தெரியும், அதனால் இ-ஃபைல் செய்தால் எஃப்8962-070 என்ற குறியீட்டோடு திருப்பி அனுப்பலாம். பயப்பட வேண்டாம். மென்பொருளில் விளக்கக் கடிதம் சேர்க்க இடம் இருக்கும், "என்னை என் பெற்றோர் டிபெண்டன்டாகக் காட்டுகிறார்கள், 1095-ஏ அவர்கள் ரிட்டர்னில் நேர் செய்யப்படுகிறது" என்று இரண்டு வரி எழுதி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லி, டாக்ஸ் ஃபைல் செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கொடுத்தால் இந்தத் தொல்லை முழுவதும் போய்விடும்.

மாநில டாக்ஸ், விசா, இன்னும் சில

இன்சூரன்ஸ் இல்லாததற்கு ஃபெடரல் அபராதம் 2019 முதல் பூஜ்யம். ஆனால் நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மாசச்சூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டிசி ஆகிய இடங்களில் மாநில அளவில் அபராதம் உண்டு, பல இடங்களில் டிபெண்டன்ட் பிள்ளைக்கும் சேர்த்து. எடிசனில் இருந்துகொண்டு, பையனுக்கு 22 வயது, திடமாக இருக்கிறான், இன்சூரன்ஸ் எதற்கு என்று விட்டால் நியூ ஜெர்சி ரிட்டர்னில் அது வந்து நிற்கும்.

ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 விசாக்காரர்களும் இப்போது மார்க்கெட்பிளேஸ் சப்சிடிக்குத் தகுதி உள்ளவர்கள்தான். 2025இல் வந்த சட்டப்படி 2027 முதல் அது இல்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தொடரும்.

1095-ஏ திருத்தி வர நேரமாகி ஏப்ரல் 15 நெருங்கினால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை நேரம் வாங்கிக்கொள்ளலாம். கட்ட வேண்டிய டாக்ஸை மட்டும் உத்தேசமாகக் கணக்கிட்டு ஏப்ரலுக்குள் கட்டிவிட வேண்டும். அதே நேரம், ஃபைல் செய்யாமலே இருந்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். சப்சிடி வாங்கிவிட்டு 8962 கொடுக்காதவர்களுக்கு அடுத்து வரும் வருடங்களில் மாத சப்சிடியை நிறுத்திவிடுவார்கள்.

8962 இல்லாமல் காகிதத்தில் அனுப்பிவிட்டீர்கள், அல்லது ஏதோ விட்டுப்போயிற்று என்றால் ஐஆர்எஸ்ஸிடமிருந்து 12சி என்ற எண்ணுள்ள கடிதம் வரும். அது தணிக்கை இல்லை. அதற்காக 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போடவும் வேண்டாம். கடிதத்தில் கேட்டபடி 8962ஐயும் 1095-ஏ நகலையும், கேட்டிருந்தால் கையெழுத்திட்ட பக்கத்தையும் 20 நாட்களுக்குள் அதில் உள்ள முகவரிக்கோ ஃபேக்ஸுக்கோ அனுப்பினால் ரிட்டர்னை அவர்களே எடுத்து முடிப்பார்கள். ஏற்கெனவே ரிட்டர்ன் முடிந்து ரீஃபண்டும் வந்த பிறகு திருத்திய 1095-ஏ வந்தால்தான் 1040-எக்ஸ். கட்ட வேண்டியது கூடுகிறது என்றால் வட்டி ஏறுவதற்குள் சீக்கிரம் போடுங்கள். திரும்ப வர வேண்டியிருந்தால் பொதுவாக மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது.

பிள்ளைக்கு 26 ஆகும் வருடம் மார்க்கெட்பிளேஸ் பிளானில் டிசம்பர் 31 வரை இருக்கலாம், கம்பெனி பிளான்களில் பெரும்பாலும் பிறந்த மாதத்தோடு முடித்துவிடுவார்கள். அந்த நவம்பரில் ஓபன் என்ரோல்மென்ட் (அடுத்த வருடப் பிளானில் சேரும் காலம்) திறந்ததும் பிள்ளை தன் பெயரில் தனி விண்ணப்பம் போட்டுவிட்டால் ஜனவரி 1 முதல் இடைவெளி இல்லாமல் போகும், அடுத்த 1095-ஏ முழுக்க அவர்கள் கணக்கு.